எம்ஜிபி காரில் ஐந்து வேகக் கியர்பாக்ஸ்: மாற்றிய பின் வரும் கோளாறுகளை அறிகுறி கொண்டு கண்டறிதல்

1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில் முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்களே உண்டு. ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) இல்லாத வண்டியில் நான்காம் கியரில் 1,000 சுழற்சிக்குச் சுமார் 28.8 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும் என்பதால், சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போதே எஞ்சின் நிமிடத்திற்கு 3,100 சுழற்சிக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். 1980களில் ஃபோர்டு சியாரா காரில் வந்த டைப் 9 கியர்பாக்ஸின் ஐந்தாம் கியர் விகிதம் 0.82. அதைப் பொருத்தினால் அதே 90 கிலோமீட்டருக்கு 2,560 சுழற்சி போதும். மலேசியாவின் ஜொகூரைத் தாண்டி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டரில் செல்லும்போது 3,800க்கு அருகில் இருந்த சுழற்சி 3,100க்கு இறங்கிவிடும். காதுக்கும் எஞ்சினுக்கும் இது பெரிய நிம்மதி.

மாற்றிய பிறகு கியர் விழவில்லை, சத்தம் வருகிறது, நடுங்குகிறது என்றால், வாங்கிய பெட்டி பழுதானது என்று முடிவுகட்டி அதைக் கழற்றிப் பிரிக்கப் பலரும் அவசரப்படுகிறார்கள். சோதித்து வாங்கிய கியர்பாக்ஸ் என்றால் கோளாறு பெரும்பாலும் அதற்குள் இருக்காது. பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச் எண்ணெய்க் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு), தாங்கிச் சட்டம், வேகமானிக் கேபிள் என்று இந்த மாற்றத்தால் புதிதாக உருவான இணைப்புகளில்தான் அது இருக்கும். அவற்றில் பலவற்றைப் பெட்டியை இறக்காமலேயே சோதித்துவிடலாம். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

சிங்கப்பூருக்கே உரிய இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேலையைத் தொடங்குமுன், இத்தகைய மாற்றத்திற்கு என்ன அனுமதி தேவை என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, 35 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே வண்டியைச் சாலையில் ஓட்டலாம். எஞ்சிய நாள்களில் அது ஈரக் காற்றில் நின்றுகொண்டிருக்கும். கீழே வரும் கோளாறுகளில் சில, ஓட்டத்தால் அல்லாமல் அந்த நிற்றலாலேயே வருகின்றன.

எஞ்சின் ஓடும்போது கியர் விழ மறுக்கிறது, பின்னோக்குக் கியரில் பற்கள் அரைபடுகின்றன

எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து, ஐந்து கியர்களையும் பின்னோக்குக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிறுத்திய நிலையில் எல்லாம் எளிதாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் தகராறு செய்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். நிறுத்திய நிலையிலும் கடினமாக இருந்தால் கோளாறு கியர் நெம்புகோலிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை சந்தேகத்தில் பாதியைக் களைந்துவிடும். டைப் 9 பெட்டியின் பின்னோக்குக் கியருக்குச் சின்க்ரோ (பற்கள் கோக்குமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது என்பதால், கிளட்சை மிதித்துச் சில நொடி காத்திருந்த பிறகே அதைப் போட வேண்டும். அப்படிக் காத்திருந்தும் பல் அரைந்தால், கிளட்ச் தட்டு எஞ்சினோடு சேர்ந்து இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

கிளட்ச் விடுபடாதபோது எல்லோரும் முதலில் காற்றை வெளியேற்றுவார்கள். அது சரிதான், ஆனால் அதற்கும் முன்னால் மிதியடியின் மேல்புறம், எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோல் சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இருக்கும் சிறிய ஊசியை உருவி எடுத்து விரல் நகத்தால் வருடினால், தேய்ந்த இடத்தில் ஒரு படி தட்டுப்படும். அது நுழையும் துளையும் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டிருக்கும். அறுபது ஆண்டு மிதித்ததன் தேய்மானம் அது. பழைய பெட்டியோடு அந்தத் தேய்மானம் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். எம்ஜிபியின் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம், அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் ஒன்றேகால் அங்குலம் என்பதால், மேலே நகரும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்தான் கீழே வந்து சேரும். மேலே நகர வேண்டிய தூரத்தில் சில மில்லிமீட்டரை ஊசியின் தளர்வு விழுங்கிவிட்டால், கீழே மிஞ்சுவது புதிய கிளட்சை விடுவிக்கப் போதாது.

அடுத்து ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்பதை அளக்க வேண்டும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழிருந்து அளவுகோல் பிடித்தால் போதும். 12 மில்லிமீட்டருக்கு அருகில் வந்தால் எண்ணெய்ப் பகுதி தன் வேலையைச் செய்கிறது. அதைவிட வெகுவாகக் குறைந்தால் காற்று, ஊசித் தேய்மானம், அழுத்தத்தில் உப்பும் பழைய ரப்பர் குழாய் ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

நகர்வு சரியாக இருந்தும் கிளட்ச் விடுபடாவிட்டால்தான் உள்ளே இருப்பவற்றைச் சந்தேகிக்க வேண்டும்: கிளட்ச் தட்டு முன்பின் மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம், அதன் நடுத்துளைப் பற்கள் ஃபோர்டு ஷாஃப்டில் இறுகியிருக்கலாம், அல்லது கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஸ்பிகாட் புஷ் கியர்பாக்ஸின் முன்ஷாஃப்டைக் கவ்விக்கொண்டிருக்கலாம். எம்ஜிபி எஞ்சினில் ஃபோர்டு ஷாஃப்ட் அமரத் தனி புஷ் தேவை. அது இறுக்கமாக இருந்தால், கிளட்ச் முழுமையாக விடுபட்ட பின்னும் எஞ்சின் அந்த ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த மாற்றத்திற்கான பாகத் தொகுப்பை, அதாவது கிட்டை, விற்பவர்களில் சிலர், ஷாஃப்டைச் சுற்றி பெல் ஹவுசிங்குக்குள்ளேயே அமரும் ஸ்லேவ் சிலிண்டரைத் தருகிறார்கள். வெளியே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரையே நான் பரிந்துரைப்பேன். உள்ளே இருப்பது கசிந்தால், ஒரு சிறிய ரப்பர் வளையத்திற்காக முழுப் பெட்டியையும் இறக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் பாகத்தின் விலையைவிட அந்தக் கூலி பல மடங்கு ஆகிவிடும்.

நீண்ட நாள் நின்ற பின் கிளட்ச் பிரியவே இல்லை

நேற்றுவரை நன்றாக இருந்த வண்டி, இரண்டு மாதம் கார்நிறுத்துமிடத்தில் நின்ற பிறகு எந்தக் கியரையும் ஏற்க மறுத்தால், கிளட்ச் தட்டு துருவால், எஞ்சினின் பின்முனையில் சுழலும் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டறிவது எளிது. எஞ்சின் நின்ற நிலையில் நான்காம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி வண்டியைத் தள்ளுங்கள். கிளட்ச் பிரிந்திருந்தால் வண்டி உருளும், ஒட்டியிருந்தால் எஞ்சினின் எதிர்ப்பு கையில் தெரியும். முன்னும் பின்னுமாகச் சில முறை ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். இதையே வாரம் ஒரு முறை, ஒரு முழத் தூரத்திற்குச் செய்துவந்தால் ஒட்டும் நிலையே வராது. எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட வேண்டிய தேவையும் இல்லை. கிளட்சை மிதித்த நிலையில் கட்டை வைத்து மாதக்கணக்கில் நிறுத்துவோரும் உண்டு. சிலிண்டர் ரப்பர்கள் ஓயாமல் அழுத்தம் தாங்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. கிளட்ச் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. வண்டி ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை அதை மாற்றிவிடுங்கள்.

கிளட்ச் வழுக்குகிறது

மேட்டில் எஞ்சின் சுழற்சி ஏறியும் வேகம் ஏறாவிட்டால், தட்டில் எண்ணெய் பட்டிருக்க வேண்டும் அல்லது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கிற்கும் அது அழுத்தும் டயஃப்ரம் விரல்களுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய அந்த விரல்கள் கியர்பாக்ஸை நோக்கி நகரும் என்பதால், பொருத்தும்போதே இடைவெளி விடாவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் வழுக்கல் தொடங்கிவிடும். உள்ளே அமரும் ஸ்லேவ் சிலிண்டர் என்றால், கிட் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை ஆழமானியால் அளந்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்த பின்னரே பெட்டியை ஏற்ற வேண்டும்.

ஓடும்போது கியர் கழன்றுவிடுகிறது

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கியர் தானாக நடுநிலைக்கு வந்தால், உள்ளே ஃபோர்க் தேய்ந்திருக்கும் என்று பயப்படுவதற்கு முன், நெம்புகோலைச் சுற்றியுள்ள ரப்பர் உறையையும் கம்பளத்தையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் நெம்புகோல் போய் நிற்கும் இடத்தில், அதற்கும் தகட்டு ஓரத்திற்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். மூன்றாவதும் ஐந்தாவதும் முன்னோக்கி விழுபவை என்பதால் துளையின் முன் விளிம்பையும், இரண்டாவதும் நான்காவதும் பின்னோக்கி விழுபவை என்பதால் பின் விளிம்பையும் கவனியுங்கள். நெம்புகோல் விளிம்பில் முட்டினால் கியர் முழுதாகக் கோத்துக்கொள்ளாது. பாதி கோத்த கியர் சுமை மாறும்போது வெளியே வந்துவிடும். பின்பக்கத் தாங்கியின் ரப்பர் தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான், ஏனெனில் காலை எடுக்கும்போது பெட்டி முழுவதும் அசைகிறது, நெம்புகோல் மட்டும் உங்கள் கையிலோ உறையிலோ தடைபட்டு நிற்கிறது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் கியர் கழன்றால், பெல் ஹவுசிங் எஞ்சினின் மையத்தோடு நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெட்டியை இறக்கியாக வேண்டும். பெல் ஹவுசிங்கை மட்டும் எஞ்சினில் முடுக்கி, ஃப்ளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையைப் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையின் உட்சுவரில் தொடவிட்டு, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். முள் காட்டும் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மைய விலகல் அதில் பாதி. அதற்கு மேல் போனால் ஸ்பிகாட் புஷ்ஷும் முன் பேரிங்கும் சீக்கிரம் தேயும், கியரும் கழலும். கிட் பெல் ஹவுசிங் வார்ப்பில் வரும் அலுமினியப் பாகம். கடைசல் நேர்த்தி எல்லோரிடமும் ஒன்றுபோல் இருக்காது. பொருத்தும் முன்பே இந்த அளவை எடுத்துவிட்டால் பிறகு ஒரு முழு நாள் வேலை மிச்சமாகும். இதைச் செய்ய மறுக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சத்தம் வருகிறது

சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதே விடை. நடுநிலையில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நிற்கும் சத்தம் முன் பேரிங்கிலோ, கியர்பாக்ஸின் துணைத் தண்டான லே ஷாஃப்டிலோ இருக்கிறது. சுழற்சியைச் சற்று ஏற்றினாலே மறையும் மெல்லிய கடகடப்பு என்றால் அது பற்களின் இயல்பான தளர்வொலிதான், விட்டுவிடலாம். மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங்கினுடையது. எம்ஜிபியில் முதலில் இருந்தது கார்பன் வளையம். கிட்டில் வருவது குண்டு பேரிங், அது காய்ந்தால் கீச்சிடும். வண்டி நிற்க, கியர் போட்டு, கிளட்சை மிதித்திருக்கும்போது மட்டும் சத்தம் கேட்டால் ஸ்பிகாட் புஷ்ஷைச் சந்தேகியுங்கள், ஏனெனில் அந்த நிலையில்தான் கியர்பாக்ஸின் முன்ஷாஃப்ட் நிற்க, எஞ்சின் அதைச் சுற்றிச் சுழல்கிறது.

ஓட்டத்தில் நான்காம் கியரில் மட்டும் அமைதியாகவும், மற்றவற்றில் இரைச்சலாகவும் இருந்தால் லே ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. டைப் 9 பெட்டியில் நான்காம் கியர் நேரடியானது, அதன் சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ஐந்தாம் கியரில் மட்டும் இரைந்தால் ஆயில் அளவைப் பாருங்கள். ஐந்தாம் கியர் பற்கள் பெட்டியின் பின்கோடியில் தனியாக இருக்கின்றன; ஆயில் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அவைதான்.

ஆயில் விஷயத்தில் ஒரு பழைய பழக்கத்தை விட வேண்டும். எம்ஜிபியின் சொந்தக் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயிலையே குடித்து வளர்ந்தது. டைப் 9 பெட்டிக்கு ஜிஎல்-4 தரத்திலான 75டபிள்யூ-90 கியர் ஆயில் வேண்டும். ஜிஎல்-5 உயர்ந்த தரம் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். அதன் கூடுதல் அழுத்தச் சேர்மங்கள் பின் அச்சுக்கு ஏற்றவை, பித்தளைச் சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாதவை. இந்தப் பெட்டிக்கு வடிகால் திருகு இல்லாததால் பழைய ஆயிலை நிரப்பும் துளை வழியே பம்பால் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். நிரப்பும்போது வண்டி நான்கு சக்கரமும் சமமாக நிற்கட்டும். முன்பக்கம் மட்டும் தூக்கிய நிலையில் நிரப்பினால் அளவு தவறும்.

குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நடுங்குகிறது

இந்த மாற்றத்தில் நீண்ட காலம் தீராமல் இழுக்கும் கோளாறு இதுதான், காரணம் பலரும் ஊகத்தில் பாகங்களை மாற்றிக்கொண்டே போகிறார்கள். ஒரே சாலை வேகத்தில் நான்காம் கியரிலிருந்து ஐந்தாம் கியருக்கு மாற்றிப் பாருங்கள். நடுக்கம் மாறினால் அது எஞ்சின் பக்கத்தது. மாறாமல் தொடர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் அச்சு, சக்கரம் ஆகியவற்றில் ஒன்று. ஐந்தாம் கியர் எஞ்சினின் வேகத்தைத்தான் குறைக்கிறது. ஷாஃப்ட் எப்போதும்போலவே சுழல்கிறது.

பின்னது என்றால், நொடிக்கு 250 முறைக்குக் குறையாமல் அளவெடுக்கும் அதிர்வுச் செயலி கொண்ட கைபேசியை இருக்கைகளுக்கு நடுவே உள்ள கியர் மேட்டின் மீது இறுகக் கட்டி, உடன் வருபவரை அளக்கச் சொல்லுங்கள். 3.909 விகிதப் பின் அச்சு உள்ள எம்ஜிபியில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறையும், ஷாஃப்ட் சுமார் 52 முறையும் சுழல்கின்றன. 13 ஹெர்ட்ஸ் நடுக்கம் சக்கரத்தினுடையது. 52 ஹெர்ட்ஸ் என்றால் ஷாஃப்ட் சமநிலை இல்லாமல் இருக்கிறது அல்லது கோணலாகப் பொருந்தியிருக்கிறது. அதன் இரு மடங்கான 104 ஹெர்ட்ஸ் என்றால், யூனிவர்சல் ஜாயிண்டுகளின் கோணம் தவறு. இதை ஐந்தாம் கியரிலேயே அளக்க வேண்டும்; நான்காம் கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், நான்கு சிலிண்டர் எஞ்சினின் இயல்பான அதிர்வும் அதே 104இல் விழுந்து குழப்பிவிடும்.

கோணத்தை அளக்க வண்டி தன் சக்கரங்களின் மீதே நிற்க வேண்டும். பின் அச்சு தொங்கும்படி தூக்கி அளந்தால் அந்த அளவுக்குப் பயனில்லை. கோணமானியைக் கியர்பாக்ஸின் பின்முகத்திலும் பின் அச்சின் ஃபிளாஞ்சிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு பாகைக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்ட் அவை ஒவ்வொன்றோடும் ஏறத்தாழ 3 பாகைக்கு மேற்படாத கோணத்தில் சேர வேண்டும். முன்பக்கம் தவறினால் தாங்கிக்கு அடியில் ஷிம் வைத்து உயர்த்தலாம். பின்பக்கம் தவறினால் இலைச் சுருளுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைக்கலாம். இலைச் சுருள் தளர்ந்து தொய்ந்த வண்டியில் ஆப்பு வைப்பதைவிடச் சுருளை மாற்றுவதே நேரான தீர்வு.

ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். டைப் 9 பெட்டியில் ஷாஃப்டின் முன்முனை பெட்டிக்குள் வழுக்கிச் செல்கிறது. அதை முழுதாக உள்ளே தள்ளிய பின் சுமார் 20 மில்லிமீட்டர் வெளியே இழுத்த நிலையில் பின் ஃபிளாஞ்சில் சேர வேண்டும். மேட்டுத் தடுப்புகளில் ஏறி இறங்கும்போது ‘டொக்’ என்ற இடி கேட்டால் ஷாஃப்ட் அளவுக்கு மீறி நீளமாக இருந்து உள்ளே முட்டுகிறது. பழைய பாஞ்சோ அச்சுக்கும் பிந்தைய குழாய் அச்சுக்கும் ஷாஃப்ட் நீளம் வேறு என்பதால், ஆர்டர் கொடுக்கும்போது அச்சின் வகையைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

கீழே ஆயில் சொட்டுகிறது

பெல் ஹவுசிங்கின் அடித்துளையிலிருந்து மூன்று வேறு திரவங்கள் சொட்டக்கூடும் என்பதால், இரவில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்துக் காலையில் முகர்ந்து பாருங்கள். கறுத்து, கருகிய வாடை வீசினால் எஞ்சினின் பின் சீல். தேன் நிறத்தில் கந்தக வாடை வீசினால் கியர்பாக்ஸின் முன் சீல். நிறமின்றி மெல்லியதாகத் தாளில் விரைந்து பரவினால் கிளட்ச் எண்ணெய். பின்கோடியில் கசிவு என்றால் வழுக்கு முனை அமரும் சீலையும், அந்த முனையின் வெளிப்பரப்பில் கீறல் இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

வேகமானி தவறாகக் காட்டுகிறது

எம்ஜிபி வேகமானியின் முகப்பில் 1280 போன்ற ஓர் எண் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதே அது. புதிய பெட்டி அந்த எண்ணிக்கையைத் தருகிறதா என்று சமதரையிலேயே கண்டுபிடிக்கலாம். மைலில் நூறில் ஒரு பங்கான 16.09 மீட்டரைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை வேகமானியிலிருந்து கழற்றி, அதன் உட்கம்பியின் நுனியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, வண்டியை நடுநிலையில் அந்தத் தூரத்திற்குத் தள்ளி, காகிதம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 1280 முகப்புக்கு 12.8 சுற்று வர வேண்டும். 11.5 சுற்றுதான் வந்தால், நீங்கள் 90 கிலோமீட்டரில், அதாவது 56 மைலில் ஓடும்போது முள் 50 மைல் என்று காட்டும். வேகக் கேமரா பொய் சொல்லாது. கியர்பாக்ஸில் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கையில் மாற்றினால் சரியாகிவிடும். அது போதாவிட்டால் கேபிளின் நடுவே விகித மாற்றுப் பெட்டி வைக்க வேண்டும்.

இரண்டாம் கியரில் இழுவை குறைகிறது

இது கோளாறு அன்று. 1967 இறுதிக்குப் பின் வந்த எம்ஜிபியின் பழைய பெட்டியில் முதலிரு கியர்கள் 3.44, 2.17, டைப் 9 பெட்டியில் 3.65, 1.97. முதல் கியரில் 5,000 சுழற்சியில் மாற்றினால் முன்பு 3,150க்கு இறங்கிய எஞ்சின், இப்போது 2,700க்கு இறங்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது இந்த இடைவெளி நன்றாகவே உணரப்படும். கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை.

ஸ்டார்ட்டர் பல் அரைகிறது

1967 இறுதியில் முதல் கியருக்கும் சின்க்ரோ வந்தபோது எஞ்சினின் பின்தகடு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் ஆகியவையும் மாறிவிட்டன. அதனால் கிட்டுகளும் முந்தைய எஞ்சினுக்கு ஒன்று, பிந்தைய எஞ்சினுக்கு ஒன்று என இரண்டு வகை. எஞ்சின் எண்ணைப் பார்க்காமல் வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால், இடையில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கும்போது பல் பொருந்தாது. பொருந்தாத ஸ்டார்ட்டரை ஷிம் வைத்துச் சமாளிக்க முயலாமல், ஸ்டார்ட்டரையும் ஃப்ளைவீலையும் ஒரே வகையாக்குங்கள்.

பெட்டியை இறக்கத்தான் வேண்டும் என்றால்

இறக்கும் நாளைக் குறிப்பதற்கு முன், ஸ்பிகாட் புஷ், ரிலீஸ் பேரிங், முன் சீல், பின் சீல், எஞ்சினின் பின் சீல், தாங்கி ரப்பர், கிளட்ச் குழாய் ஆகியவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்த நிலையில் பாகத்திற்காகக் காத்திருக்கும் வண்டி சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள பட்டறையின் லிஃப்டை அடைத்துக்கொண்டு நிற்கும். பட்டறை உரிமையாளருக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல் வரும். வழுக்கு முனையை உருவும்போது பின்கோடியிலிருந்து ஆயில் கொட்டும் என்பதால், ஒரு பிளாஸ்டிக் பையையும் ரப்பர் வளையத்தையும் தயாராக வைத்திருந்து உடனே மூடிவிடுங்கள். பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது முன்ஷாஃப்ட் கிளட்ச் தட்டில் நுழையாவிட்டால், போல்ட்டை முடுக்கி இழுத்து நுழைக்காதீர்கள். பெட்டியின் எடை ஷாஃப்டில் தொங்கித் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். ஜாக்கின் கோணத்தைச் சரிசெய்து, கியர் போட்ட நிலையில் பெட்டியின் பின்ஷாஃப்டை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளினால், பற்கள் நேராகும் இடத்தில் அது கையின் தள்ளுதலுக்கே உள்ளே சென்று அமரும்.